பணி நிமித்தம் மறைந்த அலுவலர்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை இப்போதே வழங்க இயலாது. சிரிப்பு என்பது பொது இடத்தில் ஒலி எழுப்பும் செயல் என்பதால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது. மேசை மேசையாக நகர்கிறது. அதுவரை வாசகப் பெருமக்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே சிரிப்பவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது.

நிற்க. பொதுநிகழ்ச்சி ஒழுங்குமுறைத் துறையின் இரண்டாம் நிலை அனுமதி அலுவலர் அன்று காலை அலுவலகத்துக்கு வந்ததும், வழக்கம்போல் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார். நாற்காலியில் கோட் தொங்கினால் ஆள் சீட்டில் இருக்கிறார் என்று பொருள். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் எழுதப்பட்ட எல்லாச் சட்டங்களையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. ஆள் எங்கே போனாலும் கோட் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பையில் அவருடைய அடையாள அட்டையும் இருந்தது. ஊழியர்களின் கதவு அந்த அட்டைக்குத்தான் திறக்கும். இது பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கே சொல்லி வைக்கப்படுகிறது.

கோட்டிடம் அலுவலகத்தை ஒப்படைத்துவிட்டு, கையில் அளவு நாடாவோடு, அவர் நாடக அரங்கை ஆய்வு செய்யக் கிளம்பினார். ஊரில் அவரை யாரும் பதவியைச் சொல்லி அழைப்பதில்லை. முத்திரையார் என்றால்தான் தெரியும். முத்திரை குத்துவதால் வந்த பெயர் அல்ல, குத்தாமலிருப்பதால் வந்தது.

அரங்கில் ஒரு குழு புது மாதிரியான இசை நாடகம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது. தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டு. பாட்டு நடக்க நடக்க, கண்ணெதிரே மாயம். நாயகன் ‘பாதி உனக்கு, பாதி எனக்கு’ என்று உருகிப் பாடியபடியே நாயகியைப் பெட்டிக்குள் படுக்க வைத்து ரம்பத்தால் அறுப்பான். அவளும் அறுபட்டவாறே இரண்டாம் சரணத்தைச் சுருதி விலகாமல் பாடி முடிப்பாள். இன்னொரு பாட்டில் நாற்காலிகள் பறக்கும். கடைசிப் பாட்டில் அவள் ஒரு அலமாரிக்குள் நின்று குரலை ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தைத் தொடும் நொடியில் மறைந்துவிடுவாள். குரல் மட்டும் அரங்கைச் சுற்றிச் சுற்றி வரும்.

நாற்காலிகள் எப்படிப் பறக்கும் என்று கேட்டால், கறுப்புத் திரைக்கு முன்னால், தலை முதல் கால் வரை கறுப்புத் துணி போர்த்திய ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். கூட நின்று ஆடுபவர்களுக்கு நன்றாகவே தெரிவார்கள். ஆனால் ஆடுகிறவர் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போனால் மாயம் அங்கேயே செத்தது. ஆகவே இந்தத் தொழிலில் முதல் பாடம் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. மூக்குக்கு முன்னால் நிற்கிற மனுஷனைப் பார்க்காமலிருப்பது. அந்தக் குழுவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அதில் கைதேர்ந்தவர்கள். எங்கே கற்றார்கள் என்ற தகவலும் பரிசீலனையில் இருக்கிறது.

நாயகி வேடம் போடும் பாடகிதான் குழுவின் தலைவி. மாயம் செய்பவர் அவள் கணவர். டிரம்ஸ் வாசிப்பவன் அவள் தம்பி. எவர் குரலையும் ஒரு தடவை கேட்டால் அப்படியே திருப்பிப் பேசுவான். அனுமதிக்காகப் பாடகி மாதக்கணக்கில் முத்திரையாரின் ஜன்னலில் நின்றிருக்கிறாள். முத்திரையார் அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“நீங்கதான் விண்ணப்பதாரரா? கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?” என்றார், அக்கறையோடு.

பாடகி பல்லைக் கடித்தது மட்டும் லேசாகக் கேட்டது. பிற்பகலில் அழைக்கப்பட்டவர்களுக்கான ஆய்வுக் காட்சி. மாலையில் சீட்டு விற்ற முதல் காட்சி. மாலைக் காட்சி நடக்கவில்லையென்றால் அரங்கத்துக்காரர் பூட்டுப் போட்டுவிட்டு நாளையிலிருந்து செருப்புக் கண்காட்சிக்கு இடத்தை விட்டுவிடுவார். இரண்டு வருஷ உழைப்பு செருப்புக்கடியில் போய்விடும். எல்லாம் இந்த மனிதரின் ஒரு கையெழுத்தில் நின்றது.

முத்திரையார் சுவரொட்டியைக் காட்டினார். “‘பெண் மறைகிறாள்’னு போட்டிருக்கீங்க. நெஜமாவே மறையறாங்களா?”

மாயக்காரர் தொழில் பெருமையோடு புன்னகைத்தார். “அது தந்திரம் சார்.”

“அப்போ மறையல. மறையாத பெண்ணை மறையறதா விளம்பரம் பண்ணியிருக்கீங்க. பொதுமக்களை ஏமாத்தற குற்றம்.”

“இல்ல சார், மறையறேன்,” என்றாள் பாடகி அவசரமாக.

“மறையறீங்களா? அப்போ ஆள் காணாமப் போன விவகாரம். வீட்டுக்காரர் யாரு?”

“நான்தான் சார்,” என்றார் மாயக்காரர்.

“புகார் குடுத்தீங்களா?”

“பாட்டு முடியறதுக்குள்ள திரும்பி வந்துடுவா சார்.”

“எல்லா வீட்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க.”

“சரி, நாங்க என்னதான் செய்யறது?”

முத்திரையார் ஆழ்ந்து யோசித்தார். “மறையவும் கூடாது, மறையாம இருக்கவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது ஏற்பாடு இருந்தா எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம். அடுத்தது, இந்த அறுக்கற பெட்டி. அறுத்த பிறகு மேடையில ஒரு கலைஞரா, ரெண்டு கலைஞரா?”

“ஒருத்திதான் சார்.”

“தலை இந்த ஓரம், கால் அந்த ஓரம். தீப்பிடிச்சா ரெண்டு பாதிக்கும் தனித்தனி வழி வேணும்.”

“கால் பாதி தானா ஓடிடும் சார்,” என்றான் தம்பி. “தலைப் பாதிக்குத்தான் சிரமம்.”

முத்திரையார் தலையை ஆட்டிக்கொண்டார். நல்ல குறிப்பு.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா அத்தானைப் பார்த்தாள். தம்பி தொண்டையைச் செருமி, மேலதிகாரிகள் மட்டுமே பேசும் கனத்த குரலில் ஆரம்பித்தான். “சார், தங்கள் ஐயப்பாடு நியாயமானது. மறைவு மெய்யா பொய்யான்னு வெளியிலிருந்து எப்படித் தீர்மானிக்க இயலும்? தாங்களே நேரில் மறைந்து, அனுபவித்து அறிவதுதான் முறையான ஆய்வு.”

அந்தக் குரலுக்கு முத்திரையாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. “ஆனா ஒரு அலுவலர் மறையலாமா?”

“சொந்த வேலையா மறைஞ்சாத்தான் சார் தப்பு. பணி நிமித்தம் மறையலாம்.”

பணி நிமித்தம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவர் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. அலமாரிக்குள் ஏறி நின்றார். கதவு சாத்தப்பட்டது. டிரம்ஸ் அதிர்ந்தது, பாடகி ஒரு ராகத்தை இழுத்தாள், கதவு திறந்தது. முத்திரையார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“ஐயோ, சாரைக் காணோமே,” என்றார் மாயக்காரர், அவர் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

இங்கே முத்திரையாருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் மறையவில்லை. ஒரு மயிரிழைகூட மறையவில்லை. குழுவினர் தங்கள் தொழிலின் முதல் பாடத்தைச் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

“நான் இங்கதான் இருக்கேன்,” என்றார் அவர்.

“குரல் கேக்குது அத்தான்,” என்றான் தம்பி, கூரையைப் பார்த்து. “ஆள்தான் இல்ல.”

“கடைசிப் பாட்டுலயும் அப்படித்தானே. குரல் மட்டும் மிஞ்சும்,” என்றார் மாயக்காரர். பாடகி அலமாரிக்குள் கையை விட்டு இடமும் வலமும் துழாவினாள். கை அவர் சட்டையை உரசாமல் நூலளவில் திரும்பியது. நடனக்காரி ஒருத்தி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று, கண்ணாடி பார்ப்பதுபோல் கண்மை தீட்டிக்கொண்டு போனாள்.

முத்திரையார் மெதுவாக இறங்கினார். ஒரு தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்தார். “பிஸ்கட் காத்துல போகுது,” என்று இரண்டு பேர் அலறினார்கள். அவர் இன்னொன்று எடுத்தார். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி அடித்தார். நாக்கை நீட்டினார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து மடிப்புக் கலையாமலிருந்த அந்த உடம்பில் எங்கெங்கோ காற்று புகுந்தது. மறைவு மெய்யே என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, ஒரு சுற்று சுற்றி ஆடினார். இடுப்பு பழைய கதவு மாதிரி கிறீச்சிட்டது, பரவாயில்லை.

பிற்பகல் காட்சிக்கு மக்கள் வந்து நிறைந்தார்கள். முத்திரையார் கடமை தவறாதவர். யார் கண்ணிலும் படாமல் மேடையிலிருந்தே ஆய்வு செய்யும் வாய்ப்பு இதற்கு முன் எந்த அலுவலருக்கும் வாய்த்ததில்லை. ஆகவே பிரகாசமான விளக்குகளுக்கு நடுவே, முந்நூறு பேர் முன்னிலையில், நுனிக்காலில் பூனை நடை நடந்து மேடைக்குள் போனார்.

அரங்கம் குலுங்கியது. பாட்டில் நகைச்சுவை சற்று அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பெட்டியை அறுக்கும் பாட்டில் குனிந்து ரம்பத்தின் பற்களை எண்ணினார். அளவு நாடாவை நீட்டித் தலைப் பாதியையும் கால் பாதியையும் தனித்தனியாக அளந்தார். கால் பாதி இன்னொரு பெண்ணுடையது என்று கண்டதும் கையை உதறிக்கொண்டு மூன்றடி பின்னால் குதித்தார். சிரிப்பில் வாத்தியங்கள் கேட்கவில்லை. பாடகி மட்டும் அவரை ஊடுருவிக் கூரையைப் பார்த்தபடி, அறுபட்ட நிலையில், காதலின் நிரந்தரத்தைப் பாடிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு குழந்தை, “அம்மா, அந்த மாமா என்ன பண்றாரு?” என்று விரலை நீட்டியது. முத்திரையார் திடுக்கிட்டார். பிறகு தெளிந்தார். அரைச் சீட்டு ஆட்களுக்கு விதிகள் முழுமையாகப் பொருந்தாது.

நாற்காலி பறக்கும் பாட்டில், கறுப்புத் துணி போர்த்திய ஓர் ஆளோடு மோதிக்கொண்டார். அந்த ஆளையும் யாரும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்ததும் அவருக்கு ஒரு சகோதர பாசம் பொங்கியது.

“நீங்களும் மறைஞ்சவரா?” என்று ரகசியமாகக் கேட்டார். “எந்தத் துறை?”

“நாற்காலி சார்,” என்றார் கறுப்பு ஆள்.

“உயர்ந்த துறை,” என்று சொல்லி முத்திரையார் நாற்காலியின் ஒரு காலைத் தானும் பிடித்துக்கொண்டார். வானில் மிதந்து போக வேண்டிய நாற்காலி, ஒரு அரசு அலுவலர் மூச்சிரைக்கச் சுமந்து செல்லும் நாற்காலியாக மேடையைச் சுற்றி வந்தது. மக்கள் இருக்கைகளிலிருந்து சரிந்தார்கள். கழுத்தில் துண்டுத்துணி சுற்றிய ஒரு விமர்சகர் பக்கத்தில் இருந்தவரிடம், “இருந்தும் இல்லாத அதிகாரத்தின் மௌனத்தை எவ்வளவு நுட்பமா உடல்மொழியில கொண்டு வர்றாரு பாருங்க. வெளிநாட்டுல பயிற்சி எடுத்திருக்கணும்,” என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு வெறும் சிரிப்புதான் வந்திருந்தது. அது தன் அறியாமை என்று புரிந்துகொண்டு அவரும் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்ததால் இது எதுவும் முத்திரையார் காதில் விழவில்லை.

காட்சி முடிந்தது. முத்திரையார் வியர்வையும் பரவசமுமாகத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். “ஆய்வு திருப்தி. இப்போ என்னைத் திரும்பத் தெரிய வையுங்க.”

மாயக்காரர் குரல் வந்த திசைக்கு எதிர்த் திசையில் கைகூப்பினார். “சார், மறைய வைக்கறது பிற்பகல் வித்தை. திரும்ப வர வைக்கறது மாலைக் காட்சி வித்தை. மாலைக் காட்சிக்கு அனுமதி இல்லையே.”

“அனுமதி இல்லாம ஒரு அலுவலரைத் திருப்பிக் கொண்டு வந்தா,” என்றான் தம்பி, “அது அனுமதியில்லாத நிகழ்ச்சி ஆயிடும். சட்டவிரோதமாத் தெரிய வந்தவர்னு நாளைக்கு உங்களைத்தான் சார் சொல்வாங்க.”

சட்டவிரோதமாகத் தெரிவதைவிட முறைப்படி மறைந்திருப்பதே மேல்தான். ஆனால் எவ்வளவு நாள்? பதவி உயர்வு வரும்போது ஆள் தெரியவில்லையென்றால் அடுத்தவனுக்குப் போய்விடுமே. முத்திரையார் கலங்கிப் போனார். முத்திரை அலுவலகத்தில் இருந்தது. அங்கே போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கினால் அனுமதி. அனுமதி கிடைத்தால் மாலைக் காட்சி. மாலைக் காட்சி நடந்தால் அவர் முகம் அவருக்குத் திரும்பும். கிளம்பினார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, மேடை ஒப்பனையைக்கூடக் கலைக்காமல், பாடகி பின்னாலேயே நடந்தாள். தெருவில் எவனாவது அவரைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. தெருவில் எல்லோரும் நவீனமானவர்கள். உள்ளங்கையில் கைபேசியை ஏந்தி, குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் முத்திரையார் மேல் முட்டிவிட்டு விளக்குக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். முத்திரையார் சாலையைக் கடந்தபோது ஒரு வண்டியும் நிற்கவில்லை. இதைவிடச் சான்று என்ன வேண்டும். ஒரு நாய் மட்டும் குரைத்தது. நாய்களுக்கு மறைந்தவர்கள் தெரிவார்கள் என்பது அவர் கேள்விப்பட்டதுதான்.

ஊழியர் கதவு திறக்கவில்லை. அட்டை கோட் பையில் இருந்தது. ஆகவே வாழ்நாளில் முதன்முறையாகப் பொதுமக்கள் வாசல் வழியாக நுழைந்து, வரிசையின் ஓரமாக ஒட்டி ஒட்டி ஊர்ந்து, தன்னுடைய ஜன்னலை மறுபக்கத்திலிருந்து அடைந்தார். கண்ணாடிக்குள் அவருடன் பல வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த எழுத்தர் அம்மாள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான்தான்,” என்றார்.

“காத்திருங்க,” என்றாள் அவள், தலை நிமிராமல். “சார் சீட்லதான் இருக்காரு.”

குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. வித்தை இன்னும் பிசகாமல் வேலை செய்கிறது.

உள்ளே தேநீர் கொண்டு வந்தவர் கோட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் பழைய கோப்பையை எடுத்துப் போனார். மேலதிகாரி அந்த வழியாக வந்தவர் கோட்டின் தோளைப் பார்த்து, “பாவம், நிமிரக்கூட நேரமில்லாம உழைக்கிறாரு,” என்று சொல்லி இன்னும் நாலு கோப்புகளை அதன் முன்னால் வைத்தார். முத்திரையாருக்குத் தன் கோட் மீது லேசான பொறாமை ஏற்பட்டது.

பாடகி ஜன்னல் திண்டில் விண்ணப்பத்தை விரித்தாள். பேனாவைப் பக்கத்தில் வைத்தாள். அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, “சார், வந்திருந்தீங்கன்னா போட்டுடுங்க. ஜன்னல் மூடற நேரம்,” என்றாள்.

முத்திரையார் போட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தாள் கண்ணாடிக்கடியில் நழுவியது. எழுத்தர் அம்மாள் கையெழுத்தைப் பார்த்தாள், கோட்டின் பக்கம் ஒரு கண் ஓட்டினாள். “அதான் சொன்னேன்ல, சார் சீட்லதான் இருக்காருன்னு,” என்று சொல்லி ஓங்கி ஒரு குத்து குத்தி வெளியே தள்ளினாள். பாடகி தாளை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். செருப்புக்காரர்கள் வேறு அரங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அனுமதிதான் வந்துவிட்டதே என்று, முத்திரையார் அங்கேயே தெரிய வருவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“ஐயா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குடை வைத்திருந்த ஒரு மெலிந்த மனிதர். “வேலை முடிஞ்சிருந்தா என் கால் மேலருந்து இறங்கறீங்களா?”

முத்திரையார் கண்ணைத் திறந்தார். “என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்ன. வந்ததுலருந்து மிதிக்கிறீங்க. ஜன்னல் கிட்ட வந்து கோபப்பட்டா வேலை நடக்காதேன்னுதான் பேசாம நின்னேன்.”

“எப்படித் தெரியும்? நான் மறைஞ்சிருக்கேன்.”

குடைக்காரர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். “நாங்களும்தான் ஐயா. காலையிலருந்து.”

வரிசை முழுக்க ஆமாம் என்று தலையசைத்தது. அத்தனை தலைகளும் அவரைப் பார்த்துத்தான் அசைந்தன. முத்திரையார் மெல்லத் திரும்பிப் பாடகியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கூரையை அல்ல, சுவரை அல்ல, நேராகக் கண்ணுக்குள். பிஸ்கட் நினைவுக்கு வந்தது. நீட்டிய நாக்கு நினைவுக்கு வந்தது. இறக்கை, பூனை நடை, கால் பாதி, நாற்காலி, முந்நூறு பேர்.

“அப்போ மேடையில நான்…”

“ரொம்ப நல்லா ஆடினீங்க சார்.”

“அத்தனை பேர் இருந்தீங்க. ஒருத்தர் கண்ணுகூட என் பக்கம் அசையலையே. எங்கம்மா கத்துக்கிட்டீங்க அதை?”

“இங்கதான் சார்,” என்றாள் பாடகி. “இந்த ஜன்னல்ல. புதுசா யார் சேர்ந்தாலும் ஒரு வாரம் இங்க கொண்டாந்து நிறுத்திடுவேன். உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாரும் தேறினாங்க.”

சிரிப்புக்கான அனுமதி அந்த நொடியில்தான் வந்து சேர்ந்தது. முதலில் குடைக்காரர், பிறகு அவர் பின்னால் நின்றவர், பிறகு வாசல்வரை மொத்த வரிசையும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தது.

“யாரது சத்தம்?” என்றாள் எழுத்தர் அம்மாள், தலை நிமிராமல். “சிரிக்கிறவங்க எல்லாரும் நாளைக்கு வாங்க.”

ஜன்னல் பலகை பாதி இறங்கியது. சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லோரும் பழக்க தோஷத்தில் முகத்தைச் சாதாரணமாக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். முத்திரையார் குனிந்து, மிச்சமிருந்த இடைவெளி வழியாகத் தன் கோட்டின் பக்கம் கையை ஆட்டினார்.

கோட் அவரைப் பார்க்கவில்லை.